அணைக்கக் கூடாத வண்டி

என் வீட்டுக்காரரை இந்தத் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. நாளைக்காரர் என்றால்தான் தெரியும். வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தி, "காலையில ஸ்டார்ட் பண்றப்ப ஒரு சத்தம் வருதுண்ணே" என்று யாராவது சொன்னால் போதும், "விட்டுட்டுப் போங்க, நாளைக்குப் பார்க்கலாம்" என்பார். அவசரமாக வந்தவனுக்குப் பற்றிக்கொண்டு வரும். வேலை தெரியாமல் நாளைக் கடத்துகிறார் என்று பேசுவார்கள். ஒர்க்‌ஷாப்புக்கு முன்னால் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் உட்கார்ந்திருக்கும் என் காதில் விழும்படிதான் பேசுவார்கள். நானும் சும்மா விட மாட்டேன். "ஓடிவந்த வண்டி ஊமையாத்தான் நிக்கும். ராத்திரி பூரா ஆறினாத்தான் வாயைத் திறக்கும். அவசரம்னா வேற இடம் பாருங்க" என்பேன்.

உண்மை அதுதான். ராத்திரி முழுக்க வண்டி நின்றால் இன்ஜினுக்குள் இருக்கும் ஆயில் எல்லாம் கீழே இறங்கிவிடும். காலையில் சாவியைத் திருப்பியதும் முதல் ஓரிரு நொடி உள்ளே இருப்பதெல்லாம் ஆயில் இல்லாமல் ஒன்றோடொன்று மோதும். என்ன கோளாறு என்று அப்போதுதான் தெரியும். ஆயில் மேலே ஏறிவிட்டால் சத்தம் போச்சு, இனி மறுநாள் காலைதான். என் வீட்டுக்காரரின் பிழைப்பே அந்த ஓரிரு நொடியில்தான்.

பஸ் டிப்போவில் வண்டி கழுவுகிறவராகச் சேர்ந்தவர் அவர். விடியற்காலையில் வரிசையாக நிற்கும் பஸ்கள் ஒவ்வொன்றாக ஸ்டார்ட் ஆகும்போது தண்ணீர்க் குழாயோடு பக்கத்தில் நிற்பார். கேட்டுக் கேட்டே எந்த பஸ் சாயங்காலம் தானாகத் திரும்பி வரும், எது கயிறு கட்டி இழுத்து வரப்படும் என்று சொல்லப் பழகினார். எங்கள் கல்யாணத்தன்று என்னைக் காரில் ஏற்றிவிட்டு, தான் ஏறாமல் பானெட்டுக்கு முன்னால் போய்த் தலையைச் சாய்த்துக்கொண்டு நின்றவர். மாப்பிள்ளைக்கு மயக்கம் வந்துவிட்டது என்று எங்கள் சித்தப்பா தண்ணீர் கொண்டு ஓடினார். அடுத்த தெருவில் மிக்ஸி இழுத்துக்கொண்டு ஓடினால் இவருக்குக் கேட்கும். சாப்பிட வாருங்கள் என்று நான் தொண்டை கிழியக் கத்தினால் கேட்காது. இந்தக் காதோடு நான் குடும்பம் நடத்துகிறேன்.

இனி என் தம்பி விஷயத்துக்கு வருகிறேன். அவன் எனக்கு ஒரே தம்பி. துணிக்கடையில் கட்டிங் மாஸ்டராக இருந்தான். இரண்டு சிறுநீரகமும் கைவிட்ட பிறகு எங்கள் வீட்டு மாடி அறைக்கு வந்துவிட்டான். ஒருநாள் விட்டு ஒருநாள் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போய், நாலு மணி நேரம் மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் பண்ணிக்கொண்டு வர வேண்டும். எங்கள் தெருவில் இருக்கும் வேன்காரம்மா அவனையும் வழியில் இன்னும் நாலு பேரையும் ஏற்றிக்கொண்டு போவார்.

கொஞ்ச காலமாகவே அவனுக்கு அலுத்துப்போயிருந்தது. ஒருநாள் வயிறு சரியில்லை என்பான். ஒருநாள் தூக்கம் வருகிறது என்பான். "எதுக்குக்கா இது, போதும்" என்று சிரித்துக்கொண்டே சொல்வான். நானும் கெஞ்சி, திட்டி, ஒருமுறை முதுகில் நாலு அறை வைத்தும்கூட வேனில் ஏற்றியிருக்கிறேன். அப்படித்தான் ஒருநாள் காலை அவனை வேனுக்கு நடத்திக்கொண்டு போனேன். வேன்காரம்மா சாவியைத் திருப்பினார். கரகரவென்று ஒரு சத்தம் வந்து, வந்த வேகத்தில் நின்றுவிட்டது. தம்பி படியில் வைத்த காலை எடுத்துவிட்டான்.

"இந்த வண்டில நான் வரல. மலையில நின்னுபோச்சுன்னா அங்க போன்கூட கிடைக்காது."

"தினமும் வர்ற சத்தம்தான் தம்பி. ரெண்டு மெக்கானிக் பார்த்து ஒண்ணுமில்லன்னுட்டாங்க" என்றார் வேன்காரம்மா.

"சாகறதுக்கு எனக்குப் பயமில்லன்னு நேத்துதானே சொன்ன. இப்ப வண்டிக்குப் பயப்படுறியா?" என்று கேட்டேன்.

அவன் திரும்பி வீட்டுக்கு நடந்தான். வேன் அவனில்லாமலே போய்விட்டு வந்தது. சாயங்காலத்துக்குள் அவன் கால் வீங்கிவிட்டது. விரலால் அழுத்தினால் குழி அப்படியே நின்றது. இன்னொரு தடவை தவறினால் தன்னால் எதுவும் சொல்ல முடியாது என்று டாக்டர் போனில் சொன்னார். தம்பியிடம் அதைச் சொன்னேன். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டே ஒரு பேச்சுப் பேசினான்.

"அத்தான் அந்தச் சத்தத்தைக் கேட்டுட்டு வண்டில போகலாம்னு சொல்லட்டும், ஏறுறேன். கூடாதுன்னு சொன்னா என்னை விட்டுடணும். அப்புறம் வேற வண்டி, வேற நாள்னு யாரும் என்னைக் கெஞ்சக்கூடாது."

அவனுக்கு விலகிக்கொள்ள ஒரு காரணம் வேண்டியிருந்தது. கையில் ஒன்று கிடைத்துவிட்டது. எனக்கு அது அந்த நிமிஷமே புரிந்துவிட்டது.

வேன்காரம்மா அன்றைக்கே வேனைக் கொண்டுவந்து எங்கள் ஒர்க்‌ஷாப்பில் விட்டார். மறுநாள் வேனுக்கு ஆஸ்பத்திரி ஓட்டம் இல்லை. அதற்கு அடுத்த நாள் காலை கிளம்ப வேண்டும். ஆக, கேட்பதற்கு இரண்டு காலைகள் இருந்தன. அதில் ஒன்றை எங்கள் வாட்ச்மேன் தின்றுவிட்டார்.

எங்கள் ஒர்க்‌ஷாப்பில் ஒரு வழக்கம் உண்டு. சாயங்காலம் எல்லா வண்டியையும் இடுக்கி இடுக்கி உள்ளே நிறுத்திப் பூட்டுவோம். காலையில் யார் முதலில் திறக்கிறார்களோ அவர்கள் எல்லாவற்றையும் எடுத்து வெளியே விடுவார்கள். சத்தம் கேட்க வேண்டிய வண்டி இருந்தால் என் வீட்டுக்காரர் முன்னாலேயே சொல்லிவைப்பார். அன்று சாயங்காலம் தம்பியின் வீங்கிய காலைப் பார்த்த கவலையில் சொல்லாமல் விட்டுவிட்டார். மறுநாள் காலை நாங்கள் போனபோது வேன் முற்றத்தில், வெயிலில், துடைத்துச் சுத்தமாக நின்றது.

"சார், உங்க சொந்தக்காரர் போற வண்டியாச்சேன்னு கொஞ்ச நேரம் ஓடவிட்டுச் சூடு பண்ணி வச்சிருக்கேன். சத்தமே இல்ல, வெண்ணெய் மாதிரி ஓடுது" என்றார் வாட்ச்மேன், ஏதோ பரிசு வாங்க வந்தவர் மாதிரி.

என் வீட்டுக்காரர் பானெட் மேல் கையை வைத்தார். வைத்த கையை எடுக்காமல் அப்படியே நின்றார்.

"முதல்ல ஸ்டார்ட் பண்றப்ப என்ன சத்தம் வந்துச்சு?"

"எல்லா வண்டியும்தான் ஏதாவது சத்தம் போடுது சார். யாரு கவனிச்சா?"

நான் அந்த மனுஷனைக் கிழித்துத் தொங்கப்போட்டேன். அவர் செய்தது நல்லதுதான், எனக்கும் தெரியும். தெரிந்தால் மட்டும் கோபம் அடங்கிவிடுமா? என் வீட்டுக்காரர்தான், "விடு, என் தப்பு" என்று என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனார். பிரித்துப் பார்த்துவிடலாமே என்றேன். எங்கே கோளாறு என்று தெரியாமல் முழு இன்ஜினையும் பிரித்தால் மறுபடி பூட்டி ஓடவைக்க இரண்டு நாள் ஆகும் என்றார். வேன்காரம்மா மாற்று வண்டிக்கு அலைந்துவிட்டு வந்தார். ஐந்து நோயாளிகளை ஏற்றிக்கொண்டு மலை ஏற யாரும் தயாராக இல்லை. கிடைத்தாலும் தம்பி அதில் ஏறப்போவதில்லை. அவன் பேசிய பேச்சு இந்த வண்டியைப் பற்றியது.

சாயங்காலம் கடையை அடைத்ததும் அவரிடம் நேராகவே கேட்டேன்.

"வெறும் சைலன்சர் தகடு ஆடுதுன்னு சொல்லிடுங்க. உங்க வாயால வந்தா அவன் நம்புவான்."

"கேக்காம எப்படிச் சொல்றது?"

"கேட்டுட்டே சொல்லுங்க. என்ன கேட்டாலும் தகடுன்னு சொல்லுங்க."

அவர் கைகழுவிக்கொண்டிருந்தார். விரல் இடுக்கில் இருந்த கருப்பைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"மலையில நின்னுட்டா?"

"போகலன்னா இங்கயே போயிடுவான். அது உங்களுக்கு உறைக்குதா இல்லையா? உங்களுக்கு உங்க காதுதான் பெருசு, என் தம்பி இல்ல."

சொன்ன பிறகுதான் அதிகமாகப் பேசிவிட்டோம் என்று தெரிந்தது. அவர் திரும்பி என்னைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

"அந்த வண்டில இன்னும் நாலு பேர் இருக்காங்க. அவங்க யாரும் என்னைக் கேக்கல. ஆனா நான் சொல்றதை நம்பித்தான் உட்காரப்போறாங்க" என்றார். வேன் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டே படுத்தார்.

விடிந்தும் விடியாமலும் ஒர்க்‌ஷாப்புக்குப் போனோம். நல்ல குளிர். வாட்ச்மேன் வேனைச் சுற்றிக் கயிறு கட்டி, பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். யாரையும் நெருங்கவிடவில்லை என்று என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். வேன்காரம்மா வந்துவிட்டார். தம்பி ஷட்டர் ஓரமாகக் கைகட்டி நின்றான். அவன் வெறுங்கையோடு வந்திருந்தான். ஆஸ்பத்திரிப் பையை நானே எடுத்துவந்து கல்லாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தேன்.

என் வீட்டுக்காரர் மூன்று துண்டு ரப்பர் குழாய் வெட்டி வைத்திருந்தார். ஒருமுனையைக் காதில் வைத்து மறுமுனையை இன்ஜினில் ஒரு இடத்தில் வைத்தால் அந்த இடத்துச் சத்தம் மட்டும் தனியாகக் கேட்கும். வழக்கமாக அவர் ஒருவர்தான் கேட்பார். ஒரு இடம் இன்றைக்கு, இன்னொரு இடம் மறுநாள் என்று போகும். எங்களுக்கு மறுநாள் இல்லை.

"மேல வந்தா வால்வு. அது இருக்கட்டும், ஓடும். அடியில வந்தா வெறும் தகடு. இதோ இந்தப் பக்கத்து மூடிக்குள்ள வந்தா டைமிங் செயின், வால்வைத் திறந்து மூட வைக்கிற சங்கிலி" என்று எங்கள் மூவருக்கும் காட்டினார். "செயின்ல வந்தா, சத்தம் நிக்குதா நிக்கலயான்னு பார்க்கணும். நின்னா, ஆயில் ஏறி டென்ஷனர் செயினை இறுக்கிப் பிடிச்சுக்குச்சுன்னு அர்த்தம். நிக்காம இழுத்துக்கிட்டே இருந்தா உள்ள செயினைத் தாங்குற கட்டை உடைஞ்சிருக்கு. அப்ப இந்த வண்டி இந்த இடத்தை விட்டு நகரக்கூடாது."

"ஸ்டார்ட் பண்றப்பவே ஏதாவது ஆயிட்டா?" வேன்காரம்மா கேட்டார்.

"ஆகலாம். தளர்ந்த செயின் ஒரு பல்லு தாண்டிடுச்சுன்னா இன்ஜின் அங்கயே முடிஞ்சது."

தம்பி காதில் விழும்படி இதையெல்லாம் எதற்குச் சொல்கிறார் என்று நான் பல்லைக் கடித்தேன். வாட்ச்மேன் யாரும் சொல்லாமலே தரையில் படுத்து வண்டிக்கடியில் நகர்ந்தார். எனக்கு மேல்மூடி. என் வீட்டுக்காரர் பக்கத்து மூடியில் குழாயை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு கையை உயர்த்தினார். கை இறங்கியதும் வேன்காரம்மா சாவியைத் திருப்பினார்.

என் குழாயில் டக் டக் என்று லேசாகத்தான் கேட்டது. ஆனால் மற்றக் காதில், அவர் பக்கத்திலிருந்து, கரகரவென்று அந்தச் சத்தம் வந்தது. பிறகு நின்றது. நின்றுவிட்டதா, எனக்குத்தான் கேட்கவில்லையா? அவர் கண்ணைத் திறக்கவில்லை. ஒரு விரலை அசைத்தார். வேன்காரம்மா மெதுவாக ஆக்சிலரேட்டரை மிதித்தார், விட்டார், மறுபடி மிதித்தார். இன்ஜின் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது.

"அடியில?"

"சுத்தமா ஒண்ணும் கேக்கல சார்" என்றார் வாட்ச்மேன் அடியிலிருந்து.

"மேல?"

பொய் சொல்ல வாயெடுத்தேன். தம்பி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். "லேசா டக் டக்குன்னு. பெரிய சத்தம் உங்க பக்கம்தான்" என்றேன்.

அவர் நிமிர்ந்து, குழாயைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டு தம்பியிடம் போனார்.

"டென்ஷனர் போயிருக்குடா. செயின் தளர்ந்திருக்கு."

தம்பி தலையாட்டினான். அவன் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. அதைப் பார்க்கத்தான் என்னால் முடியவில்லை. "சரிங்க அத்தான். உண்மையைச் சொன்னீங்க, அது போதும்" என்று சொல்லிவிட்டு வெளியே திரும்பினான்.

"முழுசா கேட்டுட்டுப் போ" என்று அவன் தோளைப் பிடித்தார் இவர். இவர் யாரையும் அப்படிப் பிடித்து நான் பார்த்ததில்லை. "சத்தம் நின்னுடுச்சு. ஆயில் ஏறினதும் டென்ஷனர் பிடிச்சுக்குது. இந்த வண்டிக்கு ஆபத்து ஸ்டார்ட் பண்றப்பதான், ஓடுறப்ப இல்ல. இன்னைக்கு ஸ்டார்ட் முடிஞ்சுபோச்சு. இனி சாயங்காலம் இங்க வந்து நிக்கிற வரைக்கும் அணைக்கக் கூடாது, அவ்வளவுதான். நீ மெஷின்ல இருக்கிற நேரம் பூரா வண்டி ஓடிக்கிட்டே இருக்கும். நான் கூட வரேன். போகலாம்னு சொல்றேன்."

"எனக்காகச் சொல்றீங்களா?"

"வண்டி விஷயத்துல நான் யாருக்காகவும் எதுவும் சொன்னதில்ல."

அது உண்மை என்று அவனுக்கும் தெரியும். கொஞ்ச நேரம் ஓடுகிற இன்ஜினையே பார்த்தான். பிறகு என்னைப் பார்த்து, "பையை எங்க ஒளிச்சு வச்சிருக்க, எடு" என்றான்.

கடையைப் பூட்டிவிட்டு நானும் ஏறிக்கொண்டேன். முதல் நோயாளி வீட்டு வாசலில் நிறுத்தியதுமே வேன்காரம்மாவின் கை பழக்கத்தில் சாவிக்குப் போனது. நின்றால் அணைப்பது அவருக்கு மூச்சு விடுவது போல. என் வீட்டுக்காரர் பாய்ந்து கையைப் பிடித்தார். பிறகு இன்சுலேஷன் டேப்பை எடுத்துச் சாவியின் மேல் தடிமனாகச் சுற்றிவிட்டார். நாலு பேரும் ஏறினார்கள். யாரிடமும் அவர் எதையும் மறைக்கவில்லை, விஷயத்தைச் சொல்லித்தான் உட்காரவைத்தார். மலைப்பாதையில் ஒவ்வொரு வளைவிலும் கியர் மாறும்போது நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். கையில் பிடித்திருந்த பையின் வார் வியர்வையில் நனைந்துவிட்டது.

ஆஸ்பத்திரி வாசலில் காவலாளி கையைக் காட்டினார். உள்ளே வண்டியை ஓடவிட்டு நிறுத்தக் கூடாது, வார்டுக்குள் புகை போகும் என்றார். நான் இறங்கிச் சண்டைக்குக் கிளம்பினேன். ஐந்து உயிர், மலைப்பாதை என்று ஆரம்பித்து அவருடைய அக்கா தங்கை வரைக்கும் விசாரித்துவிட்டேன். பாவம், அவர் கெட்டவர் இல்லை. "கத்தாதீங்கம்மா, பின்னால ஜெனரேட்டர் பக்கம் போடுங்க" என்று வழி காட்டினார். என் வீட்டுக்காரர் இறங்கிப் பின்னால் பார்த்துச் சொல்ல, வேன்காரம்மா பதற்றத்தில் ரிவர்ஸ் எடுத்தார். கிளட்சைப் பட்டென்று விட்டுவிட்டார். வண்டி ஒரு உதறு உதறி நின்றது.

இன்ஜின் நின்ற அந்த அமைதி என் காதை அடைத்தது.

"போடுங்க. இப்பவே போடுங்க. ஆயில் இறங்குறதுக்குள்ள" என்றார் என் வீட்டுக்காரர். வேன்காரம்மா சாவியைப் பிடித்தார். டேப் சுற்றிய சாவி விரலில் வழுக்கியது. இவர் ஜன்னல் வழியாகக் கையை விட்டு அவர் விரலோடு சேர்த்துத் திருப்பினார். இன்ஜின் பிடித்தது. அந்தக் கரகரச் சத்தம் இல்லை. நான் அங்கேயே சிமெண்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

தம்பியின் கட்டில் ஆஸ்பத்திரி மாடியில், ஜன்னல் ஓரம். கையில் குழாய் மாட்டி மெஷின் ஓட ஆரம்பித்தது. கீழே ஜெனரேட்டர் பக்கத்தில் என் வீட்டுக்காரர் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு, ஒரு கையை பானெட்டில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் டீ வாங்கிக்கொண்டு போனால் குடிக்க மறந்துவிடுவார். பாத்ரூம் போக வேண்டும் என்றால்கூட வேன்காரம்மாவைக் கூப்பிட்டு அதே இடத்தில் கை வைக்கச் சொல்லிவிட்டு ஓட்டமாகப் போய் ஓட்டமாக வருவார். தம்பி ஜன்னலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மற்ற நாட்களில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வான்.

"அத்தான் உனக்காக என்னைக்காவது இப்படி உட்கார்ந்திருக்காராக்கா?" என்று கேட்டான்.

"எனக்குத்தான் ஸ்டார்ட்டிங்ல பிரச்சினையே இல்லையே" என்றேன். கட்டில் குலுங்கச் சிரித்தான். நர்ஸ் வந்து கையை ஆட்டாதீங்க என்று அதட்டினார். சிரித்து முடித்ததும் மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

சாயங்கால வெளிச்சம் இருக்கும்போதே மலை இறங்கிவிட்டோம். நாலு பேரையும் அவரவர் வாசலில் விட்டுவிட்டு ஒர்க்‌ஷாப்பில் வந்து நின்றோம். வேன்காரம்மா இறங்கி என் கையைப் பிடித்துக்கொண்டார். என் வீட்டுக்காரர் டிரைவர் சீட்டில் போய் உட்கார்ந்து சாவியில் இருந்த டேப்பைப் பிரித்தார். பிரித்த பிறகும் அணைக்கவில்லை. அணைத்தால் இன்ஜினைப் பிரித்தாக வேண்டும். கோளாறு தெரிந்துவிட்டதால் ஒரு நாள் வேலைதான், ஆனால் பிரித்தபின் என் கடையில் இல்லாத டென்ஷனர் வெளியூரிலிருந்து வந்து சேராவிட்டால் வண்டி இல்லை. வண்டி இல்லையென்றால் தம்பிக்கு மறுபடியும் ஒரு காரணம். அந்தக் கணக்கு அவர் முகத்தில் எழுதியிருந்தது. இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது.

தம்பி வீட்டுக்குப் போகாமல் ஜன்னல் பக்கம் வந்து நின்றான். காலில் இருந்த வீக்கம் வடிந்திருந்தது. கட்டுப் போட்ட கையை மார்போடு வைத்துக்கொண்டு, மற்றக் கையை உள்ளே நீட்டி அவனே சாவியைத் திருப்பி அணைத்தான்.

"காலையில பிரிச்சிடுங்க அத்தான்" என்றான். "நாளன்னைக்கு எனக்கு வண்டி வேணும்."

இவர் ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். நான் வேன்காரம்மா முன்னால், வாட்ச்மேன் முன்னால், வெட்கமில்லாமல் அழுதேன்.